சுவரில் பட்டால் அவுட் கிடையாது
(வாசகர் கேள்வி - பதில்)

அண்ணாச்சி, ஃபுட்சாலைத்தானே அமெரிக்காவில் இண்டோர் சாக்கர் என்கிறார்கள்?
- வாசகர், மேலப்பாளையம்

இல்லை. ஃபுட்சால் 1930-ல் உருகுவேயின் மொன்டேவிடியோவில் பிறந்தது. அணிக்கு ஐந்து பேர், அதிகம் துள்ளாத 4-ஆம் எண் பந்து. கோட்டைத் தாண்டினால் பந்து வெளியே. அமெரிக்க ஆட்டத்தை ஐஸ் ஹாக்கித் தளத்தின் மேல் செயற்கைப் புல் விரித்து ஆடுவார்கள். 200 அடிக்கு 85 அடி. நம்ம ஊர்க் கணக்கில் சுமார் 39 சென்ட். கோல்கீப்பரோடு ஆறு பேர், 15 நிமிடமாக நான்கு பகுதி. சுற்றிலும் பலகைச் சுவர், அதன் மேல் கண்ணாடி. கேரமில் கட்டையில் அடித்துக் காயை எடுப்பீர்களே, அதேபோல் பந்தைச் சுவரில் அடித்து, எதிராளியைச் சுற்றி ஓடி நீங்களே வாங்கிக்கொள்ளலாம். முரட்டாட்டத்துக்கு நீல அட்டை: இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும்.

அமெரிக்க இண்டோர் சாக்கர் அணியான சான் டியேகோ சாக்கர்ஸ் 10 பட்டம் வென்றதாக ஓரிடத்தில் படித்தேன், 16 என்று இன்னோரிடத்தில். எது சரி? அவ்வளவு ஜெயித்த அணியை ஏன் மூடினார்கள்?
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

இரண்டும் சரி. ஒரே பெயரில் வந்த அணிகளை ஒன்றாக எண்ணுவதா, தனித்தனியாக எண்ணுவதா என்பதுதான் வித்தியாசம்.

முதல் அணி 1974-ல் பால்டிமோர் காமெட்ஸ் என்று தொடங்கியது. 1976-ல் சான் டியேகோ ஜாஸ், 1977-ல் லாஸ் வேகாஸ் குவிக்சில்வர்ஸ், 1978-ல் திரும்பவும் சான் டியேகோ வந்து சாக்கர்ஸ். அடிப்படையில் வெளிமைதான அணிதான். பயிற்சியாளர் ரான் நியூமன் காலத்தில் 1982 முதல் 1992 வரை 11 அரங்க (இண்டோர்) பருவங்களில் 10 பட்டம். தவறியது 1987 மட்டும். அந்த வருடம் டல்லாஸ் சைட்கிக்ஸ் வென்றது. பத்தும் ஒரே லீக்கில் வந்தவை அல்ல: 1982, 1984 இரண்டும் என்.ஏ.எஸ்.எல். (வட அமெரிக்க சாக்கர் லீக்) அரங்கப் போட்டியில், மீதி எட்டும் எம்.ஐ.எஸ்.எல். (மேஜர் இண்டோர் சாக்கர் லீக்) லீக்கில். 1974 உலகக் கோப்பையில் போலந்துக்குத் தலைமை தாங்கிய டெய்னா இங்கே ஆடினார். நியூயார்க் ஆரோஸ் அணியோடு எம்.ஐ.எஸ்.எல். லீக்கின் முதல் பட்டங்களை வாரிய ஸ்டீவ் ஜுங்குலும் பின்னால் இங்கே வந்து சேர்ந்தார்.

இனி, மூடிய கதை. சாக்கர்ஸ் ஆட்டத்தில் தோற்று அழியவில்லை. அது நின்ற லீக்குகள்தான் ஒவ்வொன்றாகச் சரிந்தன. வெளிமைதான என்.ஏ.எஸ்.எல். 1984 பருவத்தோடு முடிந்தது. 1984-85-ல் 14 அணி வைத்திருந்த எம்.ஐ.எஸ்.எல். 1991-92-ல் ஏழு அணியாகச் சுருங்கி, பட்டம் கொடுத்த கையோடு மூடிவிட்டது. சாக்கர்ஸ் வேறொரு லீக்குக்குப் போய் 1993 இறுதியில் டல்லாஸிடம் தோற்று, 1996-ல் கலைந்தது. 2001-ல் மறுபிறவி, 2004-ல் மறுபடி மூடல். 2009-ல் வந்த மூன்றாவது அணி 2010 முதல் 2013 வரை நான்கு, 2021, 2022-ல் இரண்டு என ஆறு பட்டம் சேர்த்தது. பத்தும் ஆறும் பதினாறு. என்னைக் கேட்டால், பழைய பத்தைத் தனியாகவே எண்ணுவேன்.

எங்கள் டர்ஃப் 80 அடிக்கு 50 அடி. சுவர் வைத்து ஆட ஆசை. எவ்வளவு பலகை பிடிக்கும்?
- டர்ஃப் நடத்துபவர், அம்பாசமுத்திரம்

முதலில் மூலையைக் கவனியுங்கள். சதுர மூலையில் பந்து போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பேர் முதுகைக் காட்டி அடைத்துக்கொண்டால் ஆட்டம் அங்கேயே செத்துவிடும். எட்டு அடி ஆரத்தில் வளைத்து விடுங்கள்.

நான்கு அடி உயரத்துக்கு 8×4 ஷீட்டைப் படுக்கையாக வைத்தால் வெட்ட வேண்டியது குறைவு. இரண்டு பக்கமும் 10 அடி கோல் இடம் விட்டது போக, நேர்ப் பகுதி 176 அடி: 18 மி.மீ. மரைன் பிளைவுட் 22 ஷீட். அந்தத் தடிமன் மூலையில் வளையாது. அங்கே 6 மி.மீ. பலகையை மூன்று அடுக்காக ஒட்டி வளைக்க வேண்டும். வெட்டுச் சேதாரத்தோடு 20 ஷீட் வாங்குங்கள். கதவை மறந்துவிடாதீர்கள், அது உள்பக்கம் திறக்கக் கூடாது.

நான்கு அடிக்கு ஒரு தூண், இரண்டு அடி ஆழக் கான்கிரீட்டில். ஆடிக் காற்று உங்கள் பக்கம் எப்படி வீசும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தூண் இளகினால் பலகை பாய்மரம் மாதிரி ஆகிவிடும். அடியில் அரை அங்குல இடைவெளி விடுங்கள், மழைத் தண்ணீர் வடிய. ஷீட்டின் வெட்டு விளிம்புகளுக்குப் பெயின்ட் அடிக்காமல் விட்டால் முதலில் உப்புவது அவைதான். ஆட்டப் பக்கம் உருண்டைத் தலை போல்ட் மட்டும் போடுங்கள். நட்டு பின்பக்கம் இருக்கட்டும், வாரம் ஒருமுறை முறுக்குங்கள்.

மேலே கண்ணாடிக்குப் பதில் வலைதானே கட்டுவீர்கள்? வலையில் பட்ட பந்து திரும்பாமல் தொய்ந்து விழும். அதனால் வலையைத் தொட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.