அமார்ஃபிஸும் கலேவலாவும்

கேள்வி: ஃபின்லாந்தின் அமார்ஃபிஸ் என்ற மெட்டல் (கனத்த ராக்) இசைக்குழுவை விரும்பிக் கேட்கிறேன். "பழைய நாட்டுப்புறக் கவிதையைக் காப்பியடித்துக் கத்துகிறார்கள்" என்று அண்ணன் கிண்டல் செய்கிறார். உண்மையா? மூல நூலைப் படித்துவிட்டுத்தான் கேட்க வேண்டுமா?
— ஒரு கல்லூரி மாணவர்

பதில்: அண்ணன் சொல்வதில் பாதி சரி. 1994-இல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் த தௌசண்ட் லேக்ஸ்' ஆல்பத்தின் வரிகள் ஃபின்லாந்தின் காவியமான கலேவலாவின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவையே. ஆனால் எதை எடுத்தார்கள் என்று பாருங்கள். 'பிளாக் விண்டர் டே' பாட்டு, பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும் மணப்பெண்ணின் புலம்பல். கொடுத்துவைத்தவர்கள் மனசு வசந்தகாலச் சூரியோதயம் போல இருக்கிறதாம். அவள் மனசோ இலையுதிர்கால இருட்டு, கறுத்த குளிர்காலப் பகல். அந்தக் கல்யாண வீட்டு அழுகையை இங்கே ஒரு ஆண் அடித்தொண்டையில் உறுமுகிறார். வரி அதேதான், பாட்டு வேறு.

தவிர, காப்பி என்றால் எதிலிருந்து? ஃபின்லாந்து-ரஷ்ய எல்லைப் பகுதியான கரேலியாவின் கிராமங்களில் ஆளுக்கொரு விதமாகப் பாடியதை எலியாஸ் லொன்ரோத் சேகரித்து, ஒட்டி, இடையிடையே தானும் எழுதி 1835-இல் முதலில் வெளியிட்டதுதான் கலேவலா.

எனக்கு ஒரு குறை உண்டு. மூலத்தில் அடிக்கு எட்டு அசை, மோனை, முதல் அடி சொன்னதையே அடுத்த அடி வேறு சொல்லில் திருப்பிச் சொல்வது. ஃபின்னிஷில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில் விழும் என்பதால் அந்தத் தாளம் தானாக அமைகிறது. ஆங்கிலத்தில் அது கழன்றுவிடுகிறது. கோர்பிக்லானி என்ற இன்னொரு ஃபின்லாந்து மெட்டல் குழு ஃபின்னிஷிலேயே பாடுவதைக் கேட்டால் வித்தியாசம் புரியும். அமார்ஃபிஸும் பிறகு சும்மா இருக்கவில்லை. 2007-இலிருந்து பெக்கா கைனுலாய்னென் ஃபின்னிஷில் புதிதாக எழுதித் தருகிறார். அது ஆங்கிலமாகிப் பாட்டாகிறது. சில ஆல்பங்களில் கலேவலாவின் ஒரு பாத்திரத்தை எடுத்து, அவன் வாயாலேயே பேசவைத்தார்கள்.

சரி, படிப்பது. ஐம்பது பாடல்களையும் முடித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்றில்லை. இலங்கை எழுத்தாளர் உதயணன் (ஆர். சிவலிங்கம்) செய்த தமிழாக்கம் இருக்கிறது, அதுவும் 1994-இல் வந்ததுதான். அதில் 31 முதல் 36 வரை, குல்லர்வோ கதையை மட்டும் படியுங்கள். கொல்லன் மனைவி, தன் மாடுகளை மேய்க்கும் குல்லர்வோவுக்கு ரொட்டிக்குள் கல்லை வைத்துச் சுட்டுக் கொடுக்கிறாள். வெட்டும்போது, அப்பா நினைவாக மிச்சமிருந்த ஒரே கத்தி உடைகிறது. மாலையில் அவன் மாடுகளுக்குப் பதில் கரடிகளையும் ஓநாய்களையும் வீட்டுக்கு ஓட்டி வருகிறான். அப்புறம் 2006-இல் வந்த 'எக்லிப்ஸ்' ஆல்பத்தைப் போடுங்கள். அதே குல்லர்வோதான், ஆனால் ஃபின்லாந்து எழுத்தாளர் பாவோ ஹாவிக்கோவின் நாடகம் வழியாக வந்தவன். அண்ணனையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.