கார்கிவ் தோழி ஒன்று சொல்கிறார், யூடியூப் நிபுணர் வேறு சொல்கிறார்: உக்ரைன் போரை எப்படிப் பின்தொடர்வது?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் மகள் 2022 பிப்ரவரி வரை கார்கிவில் மருத்துவம் படித்தாள். கூடப் படித்த உக்ரைன் பெண் இன்னும் அங்கேதான் இருக்கிறார். ராத்திரி முழுக்க சைரன், கரண்ட் இல்லை என்று செய்தி அனுப்புகிறார். யூடியூபில் ஒரு நிபுணர் அடுத்த மாதமே ரஷ்யா ஜெயித்துவிடும் என்கிறார், இன்னொருவர் ரஷ்யா திவாலாகிவிட்டது என்கிறார். எனக்குத் தினம் அரை மணி நேரம்தான் கிடைக்கும். எதைப் பார்த்தால் புரியும், யாரை நம்புவது?"

முதலில் ஆருடம் சொல்பவர்களை ஒதுக்கிவிடுங்கள். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை நுழைந்தபோது கீவ் சில நாட்களில் விழுந்துவிடும் என்று பெரிய பெரிய ஆட்களே நினைத்தார்கள், விழவில்லை. 2023 கோடையில் உக்ரைனின் எதிர்த்தாக்குதல் அசோவ் கடல் வரை போய்விடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள், அது சபோரிஷியா மாகாணத்தில் ரொபோட்டினே என்ற சின்ன கிராமத்துக்குப் பக்கத்திலேயே நின்றுபோனது. 2024 ஆகஸ்டில் உக்ரைன் ராணுவம் எல்லை தாண்டி ரஷ்யாவின் கூர்ஸ்க் மாகாணத்துக்குள் போனது ரஷ்யத் தளபதிகளுக்கே அதிர்ச்சி. அதனால் நிபுணரிடம் 'அடுத்து என்ன ஆகும்' என்று கேட்பதில் பயன் குறைவு. 'இது ஏன் இப்படி நடக்கிறது' என்று கேட்டால் நல்ல நிபுணரிடம் நிறையக் கிடைக்கும். மைக்கேல் கோஃப்மன், ராப் லீ, லண்டனிலுள்ள ரூசி ஆய்வு நிறுவனத்தின் ஜாக் வாட்லிங் போன்றவர்கள் உக்ரைனுக்குத் திரும்பத் திரும்பப் போய், படைப்பிரிவுகளோடு பேசிவிட்டு வந்து எழுதுபவர்கள். இவர்கள் எழுத்தில் 'இப்படி ஆனால்', 'தெரியவில்லை' போன்ற சொற்கள் நிறைய வரும். தம்ப்நெயிலில் அம்புக்குறியும் தீப்பிழம்பும் போடுகிறவர் வாயில் அந்தச் சொற்கள் வருவதே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

சரி, எந்த இடம் யார் கையில் என்று காட்டும் வரைபடம். எல்லோரும் பார்ப்பது இரண்டு: வாஷிங்டனில் இருக்கும் போர் ஆய்வு நிறுவனம் (ஐஎஸ்டபிள்யூ) வெளியிடுவது ஒன்று, உக்ரைன்காரர்கள் நடத்தும் டீப்ஸ்டேட் இன்னொன்று. டீப்ஸ்டேட் உக்ரைன் ராணுவத்துக்கு நெருக்கமானதுதான், ஆனாலும் சில ஊர்கள் கைவிட்டுப் போனதை அரசுத் தரப்பு ஒப்புக்கொள்ளும் முன்பே குறித்துவிடும், அதனாலேயே அதற்கு மதிப்பு. இவற்றைத் தினமும் திறந்து பார்க்க வேண்டிய அவசியமில்லை. ஐஎஸ்டபிள்யூ கணக்குப்படி 2024 முழுவதும் ரஷ்யா கைப்பற்றியது சுமார் 4,000 சதுர கிலோமீட்டர். உங்கள் ஈரோடு மாவட்டம் இதைவிடப் பெரியது. பாக்முத் என்ற ஒரே ஊருக்கு கிட்டத்தட்ட 10 மாதம் சண்டை நடந்தது. இந்த வேகத்தில் நகரும் போர் முன்னணிக் கோட்டைத் தினம் பார்த்தால் பதற்றம் மட்டும்தான் மிச்சம்.

அதோடு 'கோடு' என்பதே இப்போது ஒரு தோராயம். கேமரா பொருத்திய சின்ன ட்ரோன்கள் பறப்பதால், முன்னணியின் இரு பக்கமும் பல கிலோமீட்டருக்கு எது அசைந்தாலும் அடிபடுகிறது. சிக்னலைத் தடுக்கிறார்கள் என்று இப்போது கண்ணாடி இழைக் கேபிளை இழுத்துக்கொண்டே பறக்கும் ட்ரோனும் வந்துவிட்டது. டாங்கிகள் வரிசைகட்டி வருவதெல்லாம் அபூர்வம். இரண்டு மூன்று பேராக நடந்தோ மோட்டார் பைக்கிலோ உள்ளே நுழைந்து, இடிந்த வீட்டின் நிலவறையில் பதுங்கிக்கொள்கிறார்கள். வரைபடத்தில் சாம்பல் நிறத்தில் இருப்பது இந்த மாதிரி இடங்கள், அங்கே யார் கை ஓங்கியிருக்கிறது என்று அங்கிருக்கும் சிப்பாய்க்கே தெரியாது. ஆகவே யாரோ ஒருவர் கொடியைக் காட்டி எடுத்த வீடியோவை வைத்து 'நகரம் வீழ்ந்தது' என்று வரும் செய்திக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள்.

இது ஆளையும் பொருளையும் கரைக்கும் போர், அதனால் கரைவது எது என்று பாருங்கள். உக்ரைன் 2024 ஏப்ரலில் கட்டாய ராணுவச் சேர்ப்பு வயதை 27-லிருந்து 25-க்கு இறக்கியது, முன்னணியில் ஆள் பற்றாக்குறை எவ்வளவு என்பதற்கு அது ஒரு அடையாளம். ரஷ்யப் பக்கம் பார்க்க எனக்குப் பிடித்த அளவுகோல், ராணுவத்தில் சேர்ந்ததும் கொடுக்கும் முன்பணம். 2024 ஜூலையில் மாஸ்கோ நகரம் அதை 19 லட்சம் ரூபிள் ஆக்கியது. ஆள் கிடைப்பது கஷ்டமானால் தொகை ஏறும். மற்ற மாகாணங்களிலும் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பாருங்கள், எந்த அமைச்சரின் பேட்டியும் அவ்வளவு சொல்லாது. மூன்றாவது, உக்ரைனின் வான் பாதுகாப்பு ஏவுகணைகள். அமெரிக்கத் தயாரிப்பான பேட்ரியாட் ஏவுகணை வரத்து குறைந்தால், ரஷ்ய ஏவுகணைகள் மின் நிலையங்களில் விழும், சில வாரத்தில் அதன் விளைவு உங்கள் மகளின் தோழி வீட்டு மின்விளக்கில் தெரியும்.

செத்தவர் கணக்கில் மிகவும் கவனம் தேவை. உக்ரைன் ராணுவம் தினம் வெளியிடும் ரஷ்ய இழப்பு எண்ணிக்கையில் காயம்பட்டவர்களும் சேர்த்தி. நம் ஊர்ச் சேனல்கள் அதை அப்படியே 'பலி' என்று போட்டுவிடுகின்றன. ரஷ்யா 2022 செப்டம்பருக்குப் பிறகு தன் மொத்த இழப்பைச் சொல்வதே இல்லை. பிபிசியின் ரஷ்யப் பிரிவும் மீடியாசோனா என்ற ஊடகமும் இரங்கல் அறிவிப்பு, கல்லறை, உள்ளூர்ச் செய்தி என்று தேடி ஒவ்வொரு பெயராகச் சேர்க்கிறார்கள், அந்தப் பட்டியல் 2025-ல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. இது கீழ்வரம்புதான். உக்ரைன் தரப்பில் 2025 பிப்ரவரியில் செலென்ஸ்கி 46,000 வீரர்கள் இறந்ததாகச் சொன்னார், அதுவும் குறைத்துச் சொன்னதாகவே பலர் கருதுகிறார்கள். பொதுமக்களைப் பொறுத்தவரை ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2025 தொடக்கத்திலேயே 12,000-க்கு மேற்பட்ட மரணங்களை உறுதி செய்திருந்தது. மரியுபோல் போன்ற ஆக்கிரமிக்கப்பட்ட ஊர்களில் போய் எண்ண முடியாததால் உண்மை எண்ணிக்கை அதிகம் என்று அவர்களே சொல்கிறார்கள்.

இனி அந்தத் தோழி. கார்கிவ் ரஷ்ய எல்லையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான், சில ஏவுகணைகள் சைரன் ஊதும் முன்பே வந்து விழுந்துவிடும். மெட்ரோ ரயில் நிலையங்களுக்குள் வகுப்பறை கட்டிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறார்கள். 'இரண்டு சுவர் விதி' என்று ஒன்று உண்டு: வெளியே இருக்கும் ஆபத்துக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு சுவர் இருக்க வேண்டும், முதல் சுவர் அடியைத் தாங்கும், இரண்டாவது சிதறலைத் தடுக்கும். அதனால்தான் ஜன்னல் இல்லாத நடைவழியில், குளியலறையில் படுக்கிறார்கள். வெடிகுண்டோடு வந்து மோதும் ஷாகித் ட்ரோன் மொபெட் மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு வருவதால் மக்கள் அதை மொபெட் என்றே சொல்கிறார்கள். ரஷ்யாவில் மிக்-31 விமானம் ஒன்று மேலே ஏறினால், அதில் எந்த ஊரையும் சில நிமிடத்தில் எட்டிவிடும் கின்ஷால் ஏவுகணை இருக்கலாம் என்பதால், நாடு முழுவதும் சைரன் ஊதும், பல நேரம் எதுவும் விழாது. ராத்திரி மூன்று தடவை எழுந்தும் ஒன்றும் நடக்காமல் காலையில் வேலைக்குப் போவது செய்தியாக எங்கேயும் வராது. அந்தச் சோர்வு எவ்வளவு என்பதை எந்த நிபுணரை விடவும் அவர்தான் சரியாகச் சொல்வார்.

ஆனால் முன்னணி எப்படி இருக்கிறது, யார் ஜெயிப்பார்கள் என்று அவரிடம் கேட்காதீர்கள். அது அவருக்குத் தெரிய வழியில்லை. நல்ல நாளில் நம்பிக்கையாகவும், பக்கத்துத் தெருவில் விழுந்த நாளில் வேறு மாதிரியும் சொல்வார், இரண்டுமே உண்மை. ஒருவர் குரல் ஊரின் குரலும் ஆகாது. வெளிநாடு போனவர்கள் பல லட்சம், ஆக்கிரமிப்புப் பகுதியில் இருப்பவர்கள் வாய் திறந்தால் ஆபத்து, கிழக்கே டோனெட்ஸ்க் மாகாணக் கிராமங்களில் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் முதியவர்கள் இணையத்திலேயே இல்லை.

இன்னொன்று முக்கியம். 'எங்கே விழுந்தது, போட்டோ அனுப்பு' என்று மட்டும் உங்கள் மகள் கேட்க வேண்டாம். ராணுவம் இருக்கும் இடத்தையும் அதன் நகர்வையும் வெளியிடுவது உக்ரைனில் 2022 மார்ச்சிலிருந்து தண்டனைக்குரிய குற்றம், தாக்குதல் நடந்த இடத்தை உடனே படம் போடுவதற்கும் கட்டுப்பாடு இருக்கிறது. எதிரி அதைப் பார்த்து அடுத்த குண்டின் குறியைத் திருத்திக்கொள்வான். 'இன்று எத்தனை மணி நேரம் கரண்ட் இருந்தது, ஹீட்டர் வேலை செய்கிறதா, பஸ் ஓடுகிறதா' என்று கேட்கலாம். அதில் அவருக்கும் ஆறுதல், உங்களுக்கும் நிலவரம். பதில் வரவில்லையென்றால் உடனே பயப்பட வேண்டாம், கரண்ட் ரொம்ப நேரம் போனால் செல்போன் டவரும் படுத்துவிடும்.

உங்கள் அரை மணி நேரத்தை நான் இப்படிப் பிரிப்பேன்: தினம் பத்து நிமிடம் பிபிசி தமிழ் மாதிரி ஏதாவது ஒரு செய்தி, மீதியைச் சேர்த்து வைத்து வார இறுதியில் ஒரு நீளமான கட்டுரை, வரைபடம் மாதம் ஒரு முறை. அது தவிர, போர்நிறுத்தப் பேச்சு அடிபடும்போதும் வரைபடத்தைத் திறந்து, டோனெட்ஸ்க் மாகாணத்தில் ஸ்லோவியான்ஸ்க், கிராமடோர்ஸ்க் ஆகிய இரண்டு ஊர்களும் யார் கையில் இருக்கின்றன என்று பாருங்கள். 2014-லிருந்து உக்ரைன் அரண் கட்டி வைத்திருக்கும் வரிசை அது. 2025 பேச்சுவார்த்தைகளில், சண்டையில்லாமலே விட்டுத்தர வேண்டும் என்று ரஷ்யா கேட்டதில் அதுவும் உண்டு.