கணவர் கடனுக்கு மனைவியின் நிவாரணத்தைப் பிடிக்கலாமா?

கேள்வி: ஆறு மா நஞ்சை என் பெயரில் இருக்கிறது. சம்பா மூழ்கியதற்கான நிவாரணம் என் கணக்கில் ஏறியும் எடுக்க முடியவில்லை. கணவரின் டிராக்டர் கடன் பாக்கிக்காக ஹோல்டு போட்டிருப்பதாகக் கிளையில் சொல்கிறார்கள். பணம் கிடைக்குமா?
- வாசகி, திருத்துறைப்பூண்டி வட்டம்

பதில்: கணக்கு உங்கள் ஒருவர் பெயரில் இருந்து, அந்தக் கடனில் நீங்கள் கையெழுத்தே போடவில்லை என்றால், அவர் பாக்கிக்கு உங்கள் பணத்தைப் பிடிக்க வங்கிக்கு உரிமை இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆவது பிரிவு தரும் பிடித்துவைக்கும் உரிமை, கடன்பட்டவர் பணத்தின் மேல்தான். தாலி கட்டியதால் மனைவி கடனாளி ஆகிவிட மாட்டார்.

சிக்கலே கையெழுத்தில்தான். ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று வீட்டுப் பெண்களைக் கூட்டிப்போய் வாங்குவது நம் பக்கத்தில் சகஜம். நீங்கள் போட்டது சாட்சிக் கையெழுத்து என்றால் பயமில்லை. ஜாமீன் என்றால் 128-ஆவது பிரிவுப்படி அவர் பொறுப்பு அப்படியே உங்களுக்கும் உண்டு. அதனால் முதலில் கடன் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள்.

பாஸ்புக்கையும் பதிந்து பாருங்கள். வரவு மட்டும் இருந்தால் ஹோல்டு. பின்னாலேயே பற்றும் விழுந்திருந்தால் கடனில் கழித்துவிட்டார்கள். முதலாவதற்கு ‘விடுவியுங்கள்’ என்றும், இரண்டாவதற்கு ‘திரும்ப வரவு வையுங்கள்’ என்றும் மேலாளருக்கு எழுத வேண்டும். கணக்கு எண், வரவான தேதி, தொகையோடு, கடனாளியோ ஜாமீன்தாரரோ அல்ல என்பதையும் எழுதி, எந்த விதிப்படி பிடித்தார்கள் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். வங்கி பதில் தர 30 நாள் அவகாசம்; அந்தக் கணக்கை அதை வைத்துத்தான் காட்ட முடியும். அதற்குள் பதில் இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் புகார் செய்யலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம்; விவரத்துக்கு 14448. ஒரு நகலை ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் நாளிலும் கொடுங்கள்.

ஜாமீன் போட்டிருந்தாலும் மனு கொடுங்கள். அடுத்த பட்டத்து விதைக்கும் உரத்துக்கும் அரசு தரும் இடுபொருள் மானியம் இது. பழைய பாக்கிக்கு அதைக் கழிப்பது அநியாயம் என்று ஆட்சியரிடம் அழுத்திக் கேட்கலாம்.

கேள்வி: எனக்கு நிவாரணப் பணமே வரவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணவர் கடன் இருப்பதால்தான் என்கிறார்கள்.
- வாசகி, மன்னார்குடி

பதில்: அதை அப்படியே நம்ப வேண்டாம். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் போகும். மறந்துபோன பழைய கணக்கில் கிடக்கலாம். *99*99*1# அழுத்தி எந்த வங்கி என்று பாருங்கள். கிராமத்துப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் உங்கள் பெயரும் பரப்பும் சரியாக ஏறியதா என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் கேளுங்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கமே பிடித்திருந்தால் ரிசர்வ் வங்கிப் புகார் செல்லாது. மாவட்டக் கூட்டுறவு இணைப்பதிவாளருக்கு எழுதுங்கள்.