மகள் வயசுக்கு வருவது சீக்கிரமா, தாமதமா? டர்பன் டாக்டரின் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குழந்தைகளுக்கான ஹார்மோன் சிகிச்சை பார்க்கிறேன். நாட்டின் பல ஊர்களிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் கீழே. கேட்டவரின் ஊர்ப்பெயர் முன்னால் இருக்கும். பாதிக் கேள்விகள், பிராய்லர் கோழி சாப்பிடுவதால் சீக்கிரம் வயசுக்கு வருகிறார்களா என்பது பற்றி. அதற்குத் தனியாக வருகிறேன்.

மிட்ராண்டிலிருந்து ஓர் அம்மா: மகளுக்கு 7 வயது 4 மாதம். இடது மார்புக் காம்புக்கு அடியில் மட்டும் பட்டாணி அளவில் ஒரு கட்டி. தொட்டால் வலிக்கிறது என்கிறாள். கேன்சரா?

பயப்படாதீர்கள். இந்த வயதில் மார்பில் கேன்சர் வருவது அரிதிலும் அரிது. அநேகமாக மார்பு மொட்டுதான், அதாவது மார்பு வளரத் தொடங்கும் முதல் அடையாளம். ஒரு பக்கம் முதலில் வந்து, மறுபக்கம் சில மாதம் கழித்து வருவது சகஜம். கட்டி என்று நினைத்து யாரையும் கத்தி வைக்க விட்டுவிடாதீர்கள். மொட்டை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் மார்பே வளராது.

8 வயதுக்கு முன் மொட்டு வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். வரும்போது உயரக் கணக்கைக் கொண்டு வாருங்கள். கிளினிக்கில் கொடுக்கும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் 5 வயது வரை இருக்கும். அதற்கப்புறம் கதவு நிலையில் பென்சிலால் போட்ட கோடுகள் இருந்தாலும் போதும், தேதியோடு படம் எடுத்து வாருங்கள். வருஷத்துக்கு 5, 6 செ.மீ. வளர்ந்தவள் திடீரென்று 8, 9 என்று ஓடினால் பருவம் உண்மையிலேயே கிளம்பிவிட்டது என்று அர்த்தம். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதையும் பார்ப்போம். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் முதலில் பிள்ளையை மளமளவென்று உயர்த்தும், பிறகு எலும்பு முனைகளை மூடிவிடும். வகுப்பிலேயே நெட்டையாக இருந்தவள் கடைசியில் குட்டையாக நின்றுவிடுவது அதனால்தான்.

பருவத்தை நிறுத்தி வைக்கும் ஊசி எல்லாருக்கும் தேவையில்லை. மெதுவாகப் போகிறவர்களை ஆறு மாதம் அளந்து பார்ப்போம். வேகமாகப் போனால் லியூப்ரோலைட், டிரிப்டோரெலின் மாதிரி ஊசி, மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ. வேடிக்கை என்னவென்றால், ஊசியில் இருப்பது மூளை அனுப்புகிற கட்டளை ஹார்மோனின் நகல்தான். விட்டு விட்டு வந்தால் மூளைக்கடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வேலை செய்யும், விடாமல் வந்தால் வேலையை நிறுத்திவிடும். ஊசியை நிறுத்தியதும் பருவம் விட்ட இடத்திலிருந்து தொடரும். 6 வயதுக்குள் ஆரம்பித்தவர்களுக்கு மூளை ஸ்கேனும் எடுப்போம்.

சாட்ஸ்வர்த் பாட்டி: பேத்திக்கு 6 வயது. அக்குளில் வியர்வை வாடை, லேசாக முடி. மார்பு இல்லை.

இது சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியின் வேலையம்மா, பெரும்பாலும் கெடுதல் இல்லை. இருந்தாலும் 8 வயதுக்கு முன் என்பதால் ஒரு தடவை காட்டிவிடுங்கள். முகப்பரு, குரல் தடிப்பது, உயரம் எகிறுவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் ஆண்கள் யாராவது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஜெல் தடவுகிறார்களா என்றும் கேளுங்கள். தூக்கிக் கொஞ்சும்போது பிள்ளைக்கு ஒட்டும்.

செஞ்சூரியன்: மகளுக்கு 11 வயதில் மாதவிலக்கு வந்துவிட்டது. உயரமாக வளர ஊசி போட்டு நிறுத்தலாமா?

வேண்டாம். 11 இயல்பான வயது. இனி சராசரியாக 5 முதல் 7 செ.மீ. வளர்வாள், அவ்வளவுதான்.

கோழி: பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுவதால்தானே பெண்கள் சீக்கிரம் வயசுக்கு வருகிறார்கள்?

இல்லை. தென்னாப்பிரிக்காவில் கோழிக்கென்று பதிவான ஹார்மோன் மருந்து எதுவும் கிடையாது. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிற்றிலேயே செரித்துவிடும். ராஸ், காப் போன்ற இனங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால்தான் சுமார் 35 நாளில் எடை வருகிறது.

லெனேசியா அண்ணன் ஒருவர்: நம்ப முடியவில்லை டாக்டர். ஃப்ரோசன் கோழியைச் சட்டியில் போட்டால் தண்ணீராய் விடுகிறது. ஊசி போடாமலா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பண்ணைக்காரர் ஒருவர்: ஊசி உண்மைதான் அண்ணே, ஆனால் கோழி செத்த பிறகு. உப்புத் தண்ணீர்! ஃப்ரோசன் துண்டுகளில் 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2016-இல் விதியே வந்தது. நீங்கள் காசு கொடுப்பது தண்ணீருக்கு.

லெனேசியா: என் அம்மாவுக்கு 14-இல், மகளுக்கு 11-இல். நடுவில் மாறியது கோழிதானே?

கோழி மட்டுமா மாறியது? 19-ஆம் நூற்றாண்டு நார்வேயில் வயசுக்கு வருவது சராசரியாக 17 வயதை ஒட்டி இருந்தது. அது 13-ஐ நெருங்கியது பிராய்லர் பண்ணைகள் பெருகுவதற்கு முன்பே. சாப்பாடு, சுத்தமான தண்ணீர், குறைந்த நோய்கள், அதுதான் காரணம். இப்போது அதோடு எடையும் சேர்ந்துகொண்டது. கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 'சேமிப்பு இருக்கிறது, ஆரம்பிக்கலாம்' என்று மூளைக்குச் சொல்வது அதுதான். 2020 லாக்டவுனில் கோழி மாறவில்லை, ஆனால் சீக்கிரப் பருவம் அதிகமானதாக இத்தாலி உட்படப் பல நாட்டு டாக்டர்கள் எழுதினார்கள். ஹார்மோன் தேடுகிறவர்கள் மாட்டிறைச்சியைக் கேளுங்கள். இங்கே மாட்டின் காதுத் தோலுக்கடியில் வளர்ச்சிக்கான ஹார்மோன் வைக்க அனுமதி உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. எனக்குக் கேள்வி எழுதியவர்களில் பாதிப் பேர் வீட்டில் மாட்டிறைச்சியே கிடையாது என்பது வேறு விஷயம். கோழியை வறுக்காமல் குழம்பு வையுங்கள், கூல்ட்ரிங்க் பாட்டிலை வாங்காதீர்கள்.

ஃபீனிக்ஸ்: கொத்துக்கறி மாதிரி சமைக்கும் சோயா மின்ஸ் சாப்பிட்டால் சீக்கிரம் வயசுக்கு வருவார்களா?

வீட்டில் சமைக்கும் அளவில் பயமில்லை.

வெருலம்: பள்ளியில் போட்ட எச்பிவி (கருப்பை வாய்ப் புற்றுநோய்) தடுப்பூசியால்தான் மகள் வயசுக்கு வந்தாளா?

இல்லை. 2014 முதல் அரசுப் பள்ளிகளில் 9 வயதைத் தாண்டிய சிறுமிகளுக்குப் போடுகிறார்கள். அந்த வயதில் பலருக்கும் பருவம் தொடங்கும். இரண்டும் ஒரே சமயத்தில் வருகின்றன.

உம்லாங்கா: 9 வயது 2 மாதத்தில் வந்துவிட்டது. மாமியார் மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு செய்யணும் என்கிறார்.

முதலில் டாக்டர், அப்புறம் மண்டபம். 10 வயதுக்கு முன் வந்தால் காரணம் பார்க்க வேண்டும். சடங்கைப் பற்றி என் அபிப்பிராயம்: பிள்ளையைக் கேளுங்கள். நாலாம் வகுப்புப் பிள்ளையை மேடையில் உட்கார வைத்து வீடியோ எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டோடு புட்டும் உளுந்தங்களியும் செய்து கொடுங்கள். பள்ளிப் பையில் பேடும் மாற்று உள்ளாடையும் வைத்து, வகுப்பு டீச்சரிடம் சொல்லி வையுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: ருது ஜாதகம் எழுத நேரம் குறிக்கவில்லை. பரவாயில்லையா?

எனக்குத் தேதி போதும். மற்றது ஜோசியரிடம்.

பெனோனி: மகளுக்கு 14. மார்பு வளரவே இல்லை, வகுப்பிலேயே குட்டை. "எனக்கும் லேட்தான்" என்கிறார் என் அம்மா.

பாட்டி சொல்வது சரியாகக்கூட இருக்கலாம், ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். 13 வயதில் மொட்டு இல்லையென்றால் பரிசோதனை. குட்டையும் சேர்ந்தால் குரோமோசோம் சோதனை கட்டாயம். எக்ஸ் குரோமோசோம் ஒன்று இல்லாமலோ குறைபட்டோ பிறக்கும் டர்னர் சிண்ட்ரோம் சுமார் 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கிறது. புத்தியில் குறை இல்லாததால் பலருக்கு இந்த வயது வரை தெரிவதில்லை. அதுவானால் இதயத்தையும் எக்கோ செய்து பார்ப்போம். எலும்பு மூடுவதற்குள் வந்தால்தான் வளர்ச்சி ஹார்மோன் பயன் தரும். ஈஸ்ட்ரோஜனை மிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவோம். தைராய்டு, குடல் நோய், சாப்பாட்டைக் குறைத்து ஓட்டம், நடனம் என்று உடம்பை வருத்துவது, இவற்றையும் பார்ப்போம். மோப்பம் தெரிகிறதா என்று காப்பித்தூளை மூக்கருகே நீட்டிப் பாருங்கள். மோப்பமே இல்லாமல் பருவமும் வராத ஒரு பிறவிக் குறை உண்டு. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இல்லையென்றால் பக்கத்து கிளினிக்கில் ரெஃபரல் கடிதம் வாங்குங்கள்.

சாட்ஸ்வர்த்: பையனுக்கு 13, மீசை இல்லை.

இது பெண் பிள்ளைகளுக்கான பகுதி ஐயா. 14 வரை பொறுங்கள்.

டோங்காட்: 15 வயது. மார்பு வளர்ந்திருக்கிறது, மாதவிலக்கு வரவில்லை. ஆனால் மாதாமாதம் மூன்று நாள் அடிவயிறு பிடித்து அழுகிறாள்.

உளுந்தங்களி, வெந்தயம் என்று எதுவும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். கன்னிச் சவ்வில் துவாரம் இல்லாமல் ரத்தம் உள்ளேயே தேங்கியிருக்கலாம். இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் போய் ஸ்கேன் எடுங்கள். சிறுநீர் போக முடியவில்லை என்றால் இன்றைக்கே.