நாமா, நாங்களா?

அன்புள்ள ஐயா,

உயர்தரத்தில் கிறிஸ்தவ நாகரிகமும் தமிழும் புவியியலும் படித்தேன். இறையியற் கல்லூரியில் சேர்ந்து எபிரேயமும் கிரேக்கமும் படிக்க விருப்பம். அப்பா கடலுக்குப் போகிறவர். "தமிழில வேதப்புத்தகம் இருக்கேக்க செத்த பாஷை என்னத்துக்கு?" என்கிறார். படித்தால் விசுவாசம் போய்விடும் என்று அம்மாவுக்குப் பயம். எங்கள் உபதேசியாரோ, மூலமொழி தெரிந்தால்தான் வசனங்களில் மறைந்திருக்கும் அர்த்தம் வெளிவரும் என்று உற்சாகப்படுத்துகிறார். நீங்கள் அந்தப் படிப்புப் படித்தவர் என்று அறிந்தேன். யார் சொல்வது சரி?

ஒரு வாசகி, திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

முதலில் ஒரு திருத்தம். நான் அந்தப் படிப்பைப் பாதியில் விட்டவன். இரண்டு வருடம் இருந்தேன்; எபிரேயத்தில் ஒரு தவணை கோட்டையும் விட்டேன். அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

மூவரில் அப்பாவின் கேள்விதான் எனக்குப் பிடித்தது. அவர் தொழிலை வைத்தே பதில் சொல்லிப் பார்க்கிறேன். மாற்கு நான்காம் அதிகாரம். புயல் அடிக்கிறது, படகு நிரம்புகிறது, இயேசு பின்னணியத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில், தலையணை வைத்து நித்திரை. சீடர்கள் எழுப்புகிறார்கள்: "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?" கிரேக்கத்தில் மடிவதற்கு ஒரே ஒரு வினைச்சொல்தான் நிற்கிறது, அப்பொல்லூமெதா. 'மடிகிறோம்', அவ்வளவே. நாம் வேறு, நாங்கள் வேறு என்ற கணக்கு கிரேக்கத்துக்குக் கிடையாது. தமிழுக்கு உண்டு. மொழிபெயர்த்தவர் அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். படகு தாண்டால் நித்திரை கொள்கிறவரும் சேர்ந்துதானே தாழ்வார்? அப்படியானால் 'நாம்'. இவருக்கு ஒன்றும் ஆகாது, போவது நம் உயிர்தான் என்று சீடர்கள் எண்ணியிருந்தால் 'நாங்கள்'. கிறிஸ்து எந்த அளவுக்கு மனிதர் என்று 451இல் கல்கெதோனில் ஆயர்கள் கூடி வாதாடிய விஷயம், தமிழில் ஒரு மூவிடப்பெயருக்குள் வந்து குந்திக்கொள்கிறது.

உபதேசியார் என்னோடு கோபிக்கக்கூடாது. மூலத்தில் விடை இருக்கும் என்றுதான் நானும் போனேன். மூலம் வாய் திறக்கவில்லை. முடிவெடுத்தது தமிழ். இதில் இன்னொரு வேடிக்கை, எங்கட வீட்டுப் பேச்சில் 'நாங்கள்' இரண்டுக்கும் வரும். அந்த வசனத்தை என் ஆச்சி வாசித்தபோது அவருக்கு எந்த 'நாங்கள்' கேட்டதோ!

உபதேசியார் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. "மாயை, மாயை, எல்லாம் மாயை" என்று பிரசங்கியில் படிக்கிறோம். ஆணவம், கன்மம், மாயை என்று கேட்டு வளர்ந்த கோணேசர் ஊரில் அந்தச் சொல் சும்மா வந்து போகாது. சைவசித்தாந்தத்தின் மொத்தச் சுமையோடும் வரும். எபிரேயத்தில் உள்ளது ஹெவெல்: மூச்சு, புகை, குளிர்காலத்தில் வாயிலிருந்து வந்து கலையும் ஆவி. காயீன் கொன்ற ஆபேலின் பெயரும் அதே சொல்தான். தமிழில் அது தெரிய வழியில்லை. ஆனால் தமிழ் பிடித்துக்கொண்ட இடமும் இருக்கிறது. ஆதியாகமம் 1:2இல் தேவ ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடுகிறார். உபாகமம் 32:11இல் கழுகு தன் குஞ்சுகளின்மேல் அசைவாடுகிறது. எபிரேயத்தில் இரண்டும் ஒரே வினை. தமிழிலும் ஒரே வினையாகவே வைத்திருக்கிறார்கள். அதைக் கண்ட அன்று அந்தப் பழைய மொழிபெயர்ப்பை வடமொழிக் கலப்பு என்று கேலி செய்வதை நிறுத்தினேன். சைவரான ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியம் மொழிபெயர்த்தது 1850இல் அச்சானது. அது வேறு பதிப்பு. ஆனாலும் எத்தனை கைகள் பட்ட வேலை இது என்பதற்காகச் சொல்கிறேன்.

படிப்பு எப்படி இருக்கும்? மனப்பாடம், பிறகும் மனப்பாடம். ஆங்கிலத்தில் 'the' என்ற ஒரே வடிவத்தோடு முடிந்துவிடுகிற சொல்லுக்குக் கிரேக்கத்தில் 24 கட்டம்: மூன்று பால், இரண்டு எண், நான்கு வேற்றுமை. 'ஐ, ஆல், கு, இன்' ஒப்பித்து வளர்ந்த உங்களுக்கு வேற்றுமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. எபிரேயம்தான் கண்ணைக் குழப்பும். வலமிருந்து இடம்; 22 எழுத்தும் மெய்; உயிரைக் காட்டும் புள்ளிகளும் கோடுகளும் பல நூற்றாண்டு கழித்து மசோரெத்தியர் என்ற யூத அறிஞர்கள் இட்டவை. புள்ளி வைத்தால் உயிர் போகும் என்று பழகிய நமக்கு, புள்ளி வைத்தால் உயிர் வரும் என்பது பிடிபட எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம், அதையும் சேர்த்துத் தயாராகுங்கள். அங்கிலிக்கன், மெதடிஸ்த, பாப்திஸ்த, பிரெஸ்பிற்றேரியன் சபைகள் சேர்ந்து 1963இல் தொடங்கிய பிலிமத்தலாவைக் கல்லூரியில் தமிழிலும் சிங்களத்திலும் வகுப்புகள் உண்டு. அங்கே முதலில் விசாரியுங்கள்.

அம்மாவின் பயத்தைச் சிரித்துத் தள்ள மாட்டேன். மாற்குவின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கைப்பிரதிகள் இரண்டிலும் இல்லை. அவற்றில் பெண்கள் கல்லறையிலிருந்து பயந்து ஓடுகிறார்கள். உயிர்த்தவர் ஒருவர் கண்ணிலும் படாமலே நூல் நின்றுவிடுகிறது. இதை வகுப்பில் கேட்ட அன்று என் அறைத்தோழர் இராச்சாப்பாட்டுக்கு வரவில்லை. அவர் இன்று போதகர். இதைக் கேட்டு ஆடாமல் இருந்த நான்தான் ஊருக்குத் திரும்பி வந்தவன், அதுவும் வேறு காரணத்துக்காக. இதை வைத்து அம்மாவுக்கு என்ன உறுதி கொடுப்பது?

விண்ணப்பம் எழுதுவதற்கு முன் ஒரு பின்னேரம் அப்பாவுக்கு மாற்கு 4:38ஐ வாசித்துக் காட்டுங்கள். வாடைக் காலத்தில் கொட்டியாரக் குடாவில் படகு தண்ணீர் எடுக்கும்போது, பின்னணியத்தில் ஒருவர் நித்திரை என்றால், அவரை உலுப்பி எழுப்பி என்ன சொல்லுவார் என்று கேளுங்கள். அவர் சொன்ன சொல்லை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.