ஹார்ட்ஸ்டைல் கிக்: மதுரைப் பக்கத்துச் சந்தேகங்களுக்குப் பதில்

கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே கேள்வியை நாலு பேர் நாலு விதமாகக் கேட்டிருந்ததைச் சேர்த்துவிட்டேன். எல்லாமே ஹார்ட்ஸ்டைல், ஹார்ட்கோர் வகை எலக்ட்ரானிக் இசையில் வருகிற முரட்டு கிக் டிரம் பற்றியவைதான். ஹவுஸ், டெக்னோ கிக் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது வேறு கதை.

திருமங்கலம்: அண்ணே, 909 டிரம் மெஷினோட கிக் சாம்பிளை (பதிவு செஞ்ச ஒலித் துண்டு) எடுத்து டிஸ்டார்ஷனை முழுசா ஏத்திப் பார்த்துட்டேன். கொரகொரன்னு இரைச்சல்தான் வருது, அந்த உறுமல் வரவே மாட்டேங்குது. எந்த பிளக்இன் வாங்கணும்?

எதையும் வாங்காதே தம்பி. டிஸ்டார்ஷன், அதாவது அலையை நசுக்கிக் கரடுமுரடாக்குகிற எஃபெக்ட், தன்னிடம் வந்து சேர்வதைத்தான் பெருக்கிக் காட்டும், அதனால் அதற்கு முன்னால் நீ என்ன அனுப்புகிறாய் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. 50 ஹெர்ட்ஸ் சைன் அலையை அலையின் உச்சியை வெட்டுகிற ஒரு சாதாரண கிளிப்பரில் விட்டால் 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகள் முளைக்கும். அலையின் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் ஒரே அளவில் வெட்டாமல் ஒரு பக்கம் அதிகமாக வெட்டினால் 100, 200 என்று இரட்டைப்படையும் கூடவே வரும். உறுமல் என்று நீ சொல்வது இந்த மடங்குகளில் எது தூக்கலாக இருக்கிறது என்பதுதான். 909 சாம்பிளின் வால், அதாவது அடிக்குப் பின்னால் நீளும் ஒலி, சீக்கிரம் ஓய்ந்துவிடும், முன்னால் இருக்கிற கிளிக்கும் இரைச்சலும்தான் மிச்சம். அதை ஏற்றினால் கொரகொரதான் கேட்கும்.

ஒரு சைன் அலையிலிருந்து தொடங்கு. சுருதியை நேரத்தோடு ஏற்றி இறக்குகிற பிட்ச் என்வலப் வைத்து சில ஆயிரம் ஹெர்ட்ஸிலிருந்து சடாரென்று கீழே இறக்கி 50 பக்கம் நிறுத்து, முக்கால்வாசி இறக்கம் முதல் 30, 40 மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிட வேண்டும். வால்யூம் மட்டும் கீழே விழக்கூடாது. ஒவ்வொரு அடியிலும் ஃபேஸ், அதாவது அலை தொடங்குகிற இடம், பூஜ்யத்திலிருந்து கிளம்புகிறதா என்று பார்த்துக்கொள், இல்லாவிட்டால் ஒவ்வொரு கிக்கும் ஒவ்வொரு மாதிரி கேட்கும், காரணம் தெரியாமல் மண்டை காயும்.

அப்புறம் சங்கிலி, அதாவது எஃபெக்ட்களின் வரிசை. முதலில் லேசாக ஒரு டிஸ்டார்ஷன், அடுத்து ஈக்யூ (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் கூட்டிக் குறைக்கிற கருவி), மறுபடி டிஸ்டார்ஷன், மறுபடி ஈக்யூ. ஒரே இடத்தில் முழுசாக ஏற்றாமல் மூன்று நான்கு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. நடுவில் வரும் ஈக்யூவில் 100க்குக் கீழே நன்றாகக் குறைத்துவிட்டு, 300க்கும் 800க்கும் இடையில் ஓரிடத்தைக் கூர்மையாக 8, 10 டெசிபெல் தூக்கி, அந்தப் புள்ளியை மவுஸால் மெதுவாக இழுத்துப் பார். ஊ, ஓ, ஆ என்று வாய் திறந்துகொண்டே போவது மாதிரி வாலின் குரல் மாறும். உனக்குப் பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள். அடிப்பகுதியைக் குறைத்தால் கனம் போய்விடுமே என்று பயப்படாதே, போகட்டும். அதிகக் கனத்தோடு டிஸ்டார்ஷனுக்குள் நுழைந்தால் அந்த 50 ஹெர்ட்ஸே இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு நடு ஒலிகளை அமுக்கிவிடும். கடைசியில் சுத்தமான சைன் ஒன்றைத் தனி டிராக்கில் கீழே வைத்துக்கொள்ளலாம்.

மேலூர்: பஞ்ச் (கிக்கோட முன்னடி) தனியா கேட்டா நல்லா இருக்கு, வால் தனியா கேட்டா நல்லா இருக்கு. சேர்த்தா சப்புன்னு போயிடுது.

அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் காதாலேயே ஒட்டியிருப்பீர்கள். 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். இரண்டு அடுக்குகள் 10 மில்லிசெகண்ட் விலகி நின்றால் ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகிறது, கூட்டினால் பூஜ்யம். வால்யூம் மீட்டர் இதைச் சொல்லாது. ஆகவே பஞ்ச் முடிகிற இடத்தில் அலை நடுக்கோட்டைக் கீழிருந்து மேலாக வெட்டுகிற புள்ளியைக் கண்டுபிடியுங்கள். வாலையும் அதே மாதிரி கீழிருந்து மேலாக வெட்டுகிற புள்ளியில் ஆரம்பித்து அங்கே கொண்டுவந்து ஒட்டி, ஒன்று மங்க மற்றது எழும்புகிற கிராஸ்ஃபேட் ஐந்து மில்லிசெகண்ட் கொடுங்கள். நடுக்கோட்டில்தானே வெட்டினேன் என்பார்கள், திசையைப் பார்த்திருக்க மாட்டார்கள். சப் அடுக்குக்கும், அதாவது கீழே தனியாக வைக்கிற சுத்தமான சைனுக்கும், ஒரு சோதனை உண்டு: போலாரிட்டியைத் திருப்பி, அதாவது அலையைத் தலைகீழாகப் போட்டுக் கேளுங்கள், திருப்பினால் கனம் கூடுகிறது என்றால் முதலில் வைத்தது தப்பு.

வால் எவ்வளவு நீளம் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். 60,000ஐ வேகத்தால் வகுத்தால் போதும். 150 பிபிஎம் (நிமிடத்துக்கு 150 அடி) என்றால் 400 மில்லிசெகண்ட், 160 என்றால் 375. அடுத்த கிக் விழுவதற்கு 10, 15 மில்லிசெகண்ட் முன்னால் வால் அடங்கிவிட வேண்டும். அந்தச் சின்ன இடைவெளி இல்லாவிட்டால் அடுத்த அடி அடியாகவே கேட்காது.

சிம்மக்கல்: இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு? நம்ம ஊர்ல இதுக்கு யார் ஆடுவா?

நெதர்லாந்து. ரோலண்ட் டிஆர்-909 மெஷின் 1983ல் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராட்டர்டாம் பக்கம் கேபர் என்கிற அதிவேக ஹார்ட்கோர் இசைக்காரர்கள் அதன் கிக்கை டிஸ்டார்ஷனில் போட்டு நசுக்கினார்கள், பத்து வருஷம் கழித்து வேகம் குறைந்து ஹார்ட்ஸ்டைல் ஆனது. அங்கே ஹார்ட்ஸ்டைலுக்கான டெஃப்கான்.1 இசைத் திருவிழா 2003லிருந்து நடக்கிறது. நம்ம ஊரில் யார் ஆடுவார்கள் என்றால், தப்பு மேளச் சத்தத்துக்கு ஆடுகிற ஊரில் இந்தக் கேள்வியே வரக்கூடாது.

வாடிப்பட்டி: எங்க ஊர் மேளத்தையே கிக்குக்குள்ள கொண்டு வரலாமா?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். தாராளமாகக் கொண்டு வரலாம், ஆனால் எதை எங்கே வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். தப்பை நெருப்பில் காய்ச்சி எடுத்த உடனே அடித்தால் தோல் விறைத்துக் கணீரென்று வெடிக்கும், பதிவு செய்ய அதுதான் நேரம். கொஞ்ச நேரம் போனால் தோல் தொய்ந்து சத்தம் மங்கிவிடும். நீளமான மெல்லிய சிம்புக்குச்சி அடியின் முதல் 20 மில்லிசெகண்டை மட்டும் வெட்டி எடுத்து, 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் நீக்கி, கிக்கின் நெற்றியில் கிளிக்காக வையுங்கள். எந்த சாம்பிள் பேக்கிலும் கிடைக்காத கிளிக் அது. அடிக்குச்சியின் கனமான சத்தத்தை வைக்க ஆசை வரும், வேண்டாம், கீழே உங்கள் சைனோடு சண்டை போடும்.

உருமி வேறு ரகம். வளைந்த குச்சியால் இடது பக்கத் தோலைத் தேய்க்கும்போது முனகல் ஏறி இறங்குகிறதே, அதைக் கிளிக்காக வைத்தால் வீண். நீளமாகப் பதிவு செய்து, வாலின் நடு அடுக்கோடு மெல்லிசாகக் கலந்து, இரண்டையும் சேர்த்து ஒரே டிஸ்டார்ஷனுக்குள் அனுப்புங்கள். தனித்தனியாக டிஸ்டார்ஷன் போட்டுப் பிறகு கலந்தால் இரண்டு சத்தமாகவே நிற்கும், ஒன்றாக உள்ளே போனால் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு ஒரே உறுமலாக வெளியே வரும்.

போனில் பதிவு செய்தால் சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்குகிற வசதியையும் இரைச்சல் குறைப்பையும் அணைத்துவிடுங்கள். அடியின் முதல் நொடியைத் தின்பதே அவைதான். மேளக்காரர்களுக்குக் காசு கொடுத்துப் பதிவு செய்யுங்கள், கல்யாண வீட்டில் ஓரமாக நின்று எடுக்காதீர்கள்.

திருப்பரங்குன்றம்: கிக்கை எந்த சுருதிக்கு வைக்கணும்? எனக்கு கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரியும்.

அப்போது சுலபம். நாலு கட்டை என்பது எஃப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி. கிக் உட்காரும் இடத்தில் இவை 43.65, 46.25, 49 ஹெர்ட்ஸ். பெரும்பாலான ஹார்ட்ஸ்டைல் பாட்டுகள் இந்தப் பக்கம்தான் சுற்றும். இன்னும் இறக்கினால் பல ஸ்பீக்கர்கள் கைவிட்டுவிடும், 60ஐத் தாண்டினால் கனம் கரையும். பாட்டின் ஸ்வரம் மாறும்போது கிக்கும் கூடவே மாற வேண்டும் என்றால், முடிந்த கிக்கை சாம்பிளரில் போட்டு ஏற்றி இறக்காதே அம்மா. அப்படிச் செய்தால் வாலின் குரல் முழுவதுமே நகர்ந்து பொம்மைக் குரலாகிவிடும், நீளமும் மாறும். சங்கிலியின் தொடக்கத்தில் இருக்கிற சைனின் ஸ்வரத்தை மாற்றி, ஈக்யூவை அப்படியே விட்டு, ஸ்வரத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே ரெண்டர் செய்துகொள், அதாவது ஆடியோ கோப்பாக எடுத்துக்கொள்.

உசிலம்பட்டி: நான் மைக் செட் போடுறவன். திருவிழாவுக்குப் பசங்க பென்டிரைவ்ல இந்த மாதிரி பாட்டு கொண்டுவந்து குடுக்கிறாங்க. பேஸ் பாக்ஸ்ல காயில் (கம்பிச்சுருள்) கருகுது. பாட்டுல என்னதான் வச்சிருக்கானுங்க?

அண்ணே, உங்கள் பாக்ஸ் மேல் தப்பில்லை. டிஸ்டார்ஷன் போட்ட அலை கிட்டத்தட்ட சதுரமாக இருக்கும். உச்சம் ஒரே அளவாக இருந்தாலும் சைன் அலையைவிடச் சதுர அலை இரண்டு மடங்கு பவர் கொடுக்கும், அதாவது 3 டெசிபெல். சினிமாப் பாட்டில் கிக் ஒரு தட்டு தட்டிவிட்டு ஓய்வு கொடுக்கும், இதில் 400 மில்லிசெகண்டும் ஓயாமல் தள்ளுகிறது, காயில் ஆற நேரமே இல்லை. கிராஸ்ஓவரில் 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், லிமிட்டரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிகிற அளவுக்குப் போகவே வேண்டாம். எப்படியும் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை, அதுவரைக்கும் காயில் தாங்கினால் போதும்.

பாட்டு செய்கிற தம்பிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. 30க்குக் கீழே வெட்டி, 100க்குக் கீழே எல்லாவற்றையும் மோனோ (இரு பக்கமும் ஒரே ஒலி) ஆக்குங்கள். இன்னொன்று, குழாய் ஸ்பீக்கரில் 200க்குக் கீழே பெரும்பாலும் ஒன்றுமே வராது. ஆனாலும் நல்ல கிக் அதில் கிக்காகவே கேட்கும், ஏனென்றால் 200, 250, 300 என்று மடங்குகள் வரிசையாக இருந்தால் இல்லாத 50ஐக் காது தானே நிரப்பிக்கொள்ளும். குழாயில் உங்கள் கிக் காணாமல் போனால் சப் அடுக்கை மட்டும் நம்பியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஆரப்பாளையம்: பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம். நாலு டிஸ்டார்ஷன் போட்டாலே திக்குது.

ஒவ்வொரு கட்டத்தையும் ஆடியோவாக ரெண்டர் செய்துவிட்டு அடுத்ததுக்குப் போ. பெரிய ஆட்களும் இப்படித்தான் செய்கிறார்கள், ரெண்டர் செய்த அலையைக் கண்ணால் பார்த்து வெட்டி ஒட்டுவதும் சுலபம். ஓவர்சாம்பிளிங்கை (டிஸ்டார்ஷனைக் கூடுதல் சாம்பிள் ரேட்டில் கணக்கிடுகிற வசதி) வேலை செய்யும்போது அணைத்து வை, கடைசி ரெண்டரில் மட்டும் போடு. அது இல்லாவிட்டால், 44,100 சாம்பிள் ரேட்டில், 22,050 ஹெர்ட்ஸைத் தாண்டுகிற மடங்குகள் மடங்கிக் கீழே திரும்பி வந்து சுருதியே இல்லாமல் கீச்சிடும். சிலருக்கு அந்தக் கீச்சே பிடிக்கும், அது உன் இஷ்டம். சிந்தசைசருக்கு வைட்டல் என்கிற மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும்.

பெயர், ஊர் போடாதவர்: சாம்பிள் பேக்ல ரெடிமேட் கிக் இருக்கும்போது எதுக்கு இவ்வளவு கஷ்டம்?

போட்டுக்கொள்ளுங்கள், யாரும் பிடிக்கப் போவதில்லை. உங்கள் பாட்டின் ஸ்வரம் மாறுகிற இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள், அப்போது மேலே திருப்பரங்குன்றத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தெப்பக்குளம்: ஹாஸ்டல்ல இருக்கேன், ஹெட்போன் மட்டும்தான். அடி ஒலி சரியா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது அண்ணா?

பாதியைக் கண்ணால் பார் தங்கச்சி. உனக்குப் பிடித்த ஒரு பாட்டை உன் பாட்டின் அதே சத்தத்துக்குக் குறைத்து வைத்து, இரண்டையும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் மாற்றி மாற்றிப் பார். குறைக்காமல் ஒப்பிட்டால் சத்தமாக இருப்பதுதான் நல்லதாகத் தெரியும், அந்த ஒப்பீடு எதற்கும் உதவாது. மோனோவில் ஒரு முறை கேள். பெரிய பேஸ் டியூப் வைத்த ஷேர் ஆட்டோவில் ஏறினால், அண்ணனைக் கேட்டு போனை இணைத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், ஆனால் பாட்டை மாற்றச் சொல்லி மற்ற பயணிகள் சத்தம் போடுவார்கள்.

திருமங்கலம் தம்பியே மறுபடி: கிக் சரியாச்சுன்னு வைங்க, லீட் மெலடி அதுக்குள்ள முங்கிடுதே?

கிக் முழு 400 மில்லிசெகண்டையும் பிடித்துக்கொண்டிருப்பதால் கிக் விழும்போது மற்றதைத் தானாக இறக்குகிற சாதாரண சைட்செயின் கம்ப்ரஸர் திணறும். வால்யூம் வளைவை நீயே வரை: கிக் விழுந்த உடனே லீட் முழுவதும் இறங்கி, 80, 100 மில்லிசெகண்டுக்குள் மறுபடி மேலே வந்துவிடட்டும். லீட்டில் 300க்குக் கீழே வெட்டு. வாலில் நீ முதலில் தூக்கிய அந்த இடம் 500 என்றால், லீட்டில் 500ஐ இரண்டு மூன்று டெசிபெல் குறை. அதற்கும் அடங்காவிட்டால் வாலின் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதைக் கொஞ்சம் மழுக்கு. லீட்டை ஏற்றிக்கொண்டே போகாதே.