டச்சு வாக்கியத்தில் யார் யாரைப் பார்த்தார்? – கேள்வி பதில்

மீனா: அக்கா, டச்சு வாக்கியம் பாதியில் இரண்டு அர்த்தம் தருமாமே, எப்படி?

‘டெ ஃப்ரௌ டீ டெ மனன்…’ என்று ஒரு தொடர் ஆரம்பிக்கிறது. ஃப்ரௌ பெண், மனன் ஆண்கள், நடுவில் உள்ள ‘டீ’ இணைப்புச் சொல். பெயரில் வேற்றுமை உருபு கிடையாது, வினையோ கடைசியில். ஆண்களைப் பார்த்த பெண்ணா, ஆண்கள் பார்த்த பெண்ணா? ‘ஹேஃப்ட் ஹெஸீன்’ என ஒருமையில் முடிந்தால் பார்த்தது பெண். ‘ஹெபன் ஹெஸீன்’ எனப் பன்மையில் முடிந்தால் பார்த்தது ஆண்கள். நமக்கு ஒரு ‘ஐ’ வந்தாலே விஷயம் முடிந்தது!

செல்வம்: பெயருக்குப் பதில் ‘அவன்’ வந்தால்?

சிக்கலே இல்லை. ‘ஹெய்’ என்றால் அவன், ‘ஹெம்’ என்றால் அவனை.

ரஹீம்: வினை வரும்வரை வாசகர் பொறுத்திருப்பாரா?

எங்கே பொறுப்பது! ‘டீ’ வந்ததுமே பெண்தான் பார்த்தாள் என்று முடிவுகட்டிவிடுவார். வாசகர்கள் இந்தப் பக்கமே சாய்கிறார்கள் என்று மொழி ஆய்வாளர் லின் ஃப்ரேசியர் 1987இல் டச்சு வாக்கியங்களை வைத்தே வாதிட்டார். பிறகு ‘ஹெபன்’ வந்தால் தடுமாற்றம், வேகம் குறையும்.

மீனா: எல்லா வாக்கியத்திலும் இப்படித் தடுமாறுவார்களா?

இல்லை. ‘திருடர்கள் திருடிய கணினி’ போன்றதில் கணினி யாரையும் திருடாது அல்லவா? இரண்டும் மனிதர்களாக இருந்தால்தான் அந்தத் தாமதம், ஒன்று உயிரற்ற பொருளானால் மறைந்துவிடுகிறது என்று மாக், ஃபோங்க், ஸ்ரீஃபர்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2002இல் காட்டினார்கள்.

கண்ணன்: அடிக்கடி படித்துப் பழகியதைத்தானே மூளை முதலில் எடுக்கும்?

இதில் ஆய்வாளர்களிடையே ஒரு நல்ல சண்டையே நடந்தது. ‘ஆசிரியையின் குழந்தை’ என்பதை டச்சில் குழந்தை முதலிலும் ஆசிரியை அடுத்தும் வரும்படி சொல்வார்கள். பின்னால் ‘பால்கனியில் நின்ற’ என்று வந்தால் நின்றது யார்? இணைப்புச் சொல் ‘டாட்’ என்றால் குழந்தை, ‘டீ’ என்றால் ஆசிரியை. வாசகர்கள் முதல் பெயரையே விரும்புகிறார்கள் என்று பிரிஸ்பார்ட்டும் மிச்செலும் 1996இல் கண்டார்கள். ஆனால் அச்சில் வந்த டச்சு வாக்கியங்களை எண்ணிப் பார்த்தால் இரண்டாம் பெயரோடு சேர்வதே அதிகம்! பழக்கம்தான் காரணம் என்றவர்களுக்கு இது பெரிய அடி. அப்புறம் 2006இல் டெஸ்மெட் குழுவினர் (பிரிஸ்பார்ட்டும் அதில் உண்டு) முதல் பெயர் மனிதரா பொருளா என்று பிரித்து எண்ணினார்கள். மனிதராக இருந்த இடங்களில் அச்சிலும் முதல் பெயருக்கே சாய்வு இருந்தது. முந்தைய சோதனை வாக்கியங்களிலோ முதல் பெயர்கள் மனிதர்கள்தான். ஆக, பழக்கம்தான் காரணம் என்ற வாதத்துக்கு விழுந்த அடி விலகியது.